கேட்கக் கூச்சப்பட்ட பிரின்சிபலும் ஒரு தகரக் கூரையும்

போன வாரம் சந்துரு போன் செய்தான். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் இப்போது அவன்தான் வேன் டிரைவர்.

“அண்ணே, புது பிரின்சிபல் வந்துகீறாரு. வந்த மறுநாளே ஃபண்டு கலெக்ஷன் போவணும், வண்டிய எடுன்றாரு. எனக்கு இன்னாண்ணே தெரியும்? நீ சொல்லு.”

“மொதல்ல நல்லா காபி குடிக்கக் கத்துக்கோ.”

“காலைலயே கலாய்க்கிறியே.”

பாதிதான் கலாய்த்தேன். மீதி பாதி தொழில் ரகசியம். அதை போனில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன் எழுதும் அனுபவக் கட்டுரை என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பன்னிரண்டு வருடம் ஒரே பள்ளியில் அட்டெண்டராகவும் டிரைவராகவும் இருந்து, நான்கு பிரின்சிபல்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சொந்தமாக ஒரு வேன் வாங்கி ஓட்டுகிறேன். பிரின்சிபல் விஷயத்தில் எனக்கு இருக்கும் சர்வீஸ் அங்கே பல டீச்சர்களுக்கே கிடையாது.

பத்தாவதில் கணக்குப் பாடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு அதன் வழியில் அதை விட்டுவிட்டேன். பம்மலில் எங்கள் தெருவிலிருந்த ஒருவர் சொல்லி, தாம்பரம் பக்கம் அட்வென்டிஸ்ட் சபை நடத்தும் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க ஆச்சரியம்தான். மற்ற கிறிஸ்தவப் பள்ளிகளில் ஞாயிறு கோயில். இங்கே சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் சனிக்கிழமை சூரியன் மறையும் வரை ஓய்வுநாள். வேலை இல்லை, வாங்குவது விற்பது இல்லை, விளையாட்டு இல்லை. வளாகத்தில் ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை. கறி மீன் கிடையாது. ஆசிரியர்கள் அறையில் டீ, காபி கிடையாது. நான் கும்பிடுகிற சாமி வேறு, ஆனால் வாரம் ஒருநாள் யாரும் வேலை வாங்க முடியாது என்ற சட்டத்தை எந்தச் சாமி போட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

அடுத்த ஆச்சரியம், பிரின்சிபல் மாறும் விதம். கல்வியாண்டு முடியும்போது சபையின் தலைமை அலுவலகத்தில் கமிட்டி கூடும். அன்று எல்லா ஊர்ப் பிரின்சிபல்களும் வீட்டில் போனைப் பார்த்தபடி இருப்பார்கள். யார் எங்கே போக வேண்டும் என்று மாலையில் தெரியும். மறுவாரம் சால்வை, குரூப் போட்டோ, ஜெபம், சாவிக்கொத்து கை மாறுதல். இவர் லாரி ஏறுவார், அவர் லாரியிலிருந்து இறங்குவார். பீரோ இறக்கும்போது கால் பக்கம் நான், தலைப் பக்கம் வாட்ச்மேன். ஒரு மனிதரின் பீரோவைத் தூக்கியதும் அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பொன்ராஜ் சாருடையதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. எபனேசர் சாருடையதை நானும் வாட்ச்மேனுமே தூக்கிவிட்டோம். மற்றதெல்லாம் புத்தகம்.

பொன்ராஜ் சார் சத்தமான மனிதர். நன்கொடை கேட்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் காரின் கண்ணாடியைத் தட்டி, “நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?” என்று ஆரம்பித்துப் பச்சை விழுவதற்குள் விசிட்டிங் கார்டு வாங்கிவிடுவார். கம்ப்யூட்டர் அறை, குடிநீர் இயந்திரம், பெண்கள் கழிப்பறை எல்லாம் அவர் தொண்டையால் வந்தவை. அவரை வேறு ஊருக்கு மாற்றியபோது டீச்சர்கள் அழுதார்கள்.

அவர் விட்டுவிட்டுப் போன ஒரே வேலை, தொடக்கப் பிரிவின் கூரை. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் வரிசையாக ஒரே கட்டடம். மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பல இடத்தில் விரிசல். கூரையை மாற்றி, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் ஜூனில் அந்த ஐந்து வகுப்புகளைத் திறக்க முடியும். இல்லாவிட்டால் தொடக்கப் பிரிவை மூடிவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. அங்கே படித்தவர்களில் முக்கால்வாசி பம்மல், அனகாபுத்தூர் பக்கத்துப் பிள்ளைகள். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, அம்மா வீட்டு வேலை. என் அக்கா மகள் திவ்யா அப்போது மூன்றாவது முடித்திருந்தாள். அக்கா லெதர் கம்பெனியில் கையுறை தைக்கிறவள். வேறு பள்ளியில் கேட்ட ஃபீஸைக் கேட்டுவிட்டு வந்து, அன்று வேலைக்கும் போகாமல் படுத்துவிட்டாள். அந்தக் கூரை போனால் எங்கள் வீட்டுக்கும் இடி என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த நேரத்தில் கமிட்டி அனுப்பியவர் எபனேசர் சார்.

அவர் அறையில் அட்டெண்டரைக் கூப்பிட ஒரு பெல் உண்டு. அவர் அதை ஒரு நாளும் அழுத்தியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நான் இருக்கும் இடத்துக்கு அவரே வந்து, நான் நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்பார். பார்த்ததும், “தணிகாசலம், உங்களுக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்லையே?” என்பார். பள்ளியில் என்னை முழுப் பெயர் சொல்லி ‘நீங்க’ என்று பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் தணிகா, டேய் தணிகா, எங்கடா அவன். தாகம் எடுத்தால் தானே போய்த் தண்ணீர் பிடித்துக்கொள்வார். மின்விசிறி ஓடாவிட்டால் நாலு நாள் வியர்வையோடு உட்கார்ந்திருப்பார். நான்காம் நாள் நானே கண்டுபிடித்து, “இன்னா சார், சொல்லக்கூடாதா?” என்றால், “நீங்க பிஸியா இருந்தீங்க” என்பார். நான் அந்த நாலு நாளும் வாட்ச்மேனோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாதவர் ஒரு கூரை கேட்க வேண்டும். தொடக்கப் பிரிவின் மூத்த டீச்சர் பிளாரன்ஸ் என்னிடம் நேராகவே கேட்டார்.

“தணிகா, இந்த சார் வாயத் தொறப்பாரா?”

“சாப்பிடும்போது தொறக்கிறாரு டீச்சர்.”

“விளையாடாத. உன் அக்கா பொண்ணும் என் கிளாஸ்தான்.”

ஏப்ரல், மே இரண்டு மாதமும் சுற்றினோம். நன்கொடை சுற்று என்பது சந்துரு நினைப்பது போல வண்டியை எடுத்துக்கொண்டு போவது அல்ல. முதலில் கிழமை பார்க்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் கடைக்காரர்கள் காசை வெளியே விடமாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள். வெள்ளி மதியம் பம்மல் தோல் மண்டி பாய்மார்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை கொடுக்க ஆள் இருந்தாலும் எங்களால் வாங்க முடியாது. ஞாயிறு பாதிக் கடை மூடியிருக்கும். மீதி மூன்று நாள். அந்த மூன்று நாளிலும் கடை திறந்த உடனே போனால் போணி ஆகியிருக்காது. முதல் வியாபாரம் நடக்குமுன் நன்கொடை கேட்டு நின்றால் அந்த மனிதர் வருடம் முழுக்க நம்மை மறக்கமாட்டார், நல்ல விதமாக அல்ல. சாப்பாட்டு நேரத்தில் போகக்கூடாது. ஆக, பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள், நாலிலிருந்து ஆறுக்குள். கிளம்பும் முன் வேனிலேயே ஜெபம். சார் கண் மூடி ஜெபிக்கும்போது நான் கண் திறந்து கிளட்ச் மேல் கால் வைத்திருப்பேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் காபி வரும். அதுதான் சிக்கல். இவர் குடிக்கமாட்டார். வேண்டாம் என்று சொன்னால் அந்த மனிதரின் முகம் சுருங்கிவிடும். கொடுத்ததை மறுத்தவர் கேட்டால் யார் கொடுப்பார்கள்? பொன்ராஜ் சார் காலத்திலேயே இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். “எங்க தணிகா குடிப்பான், எனக்கும் சேத்து” என்று அவர் சிரித்துக்கொண்டே டம்ளரை என் பக்கம் நகர்த்துவார். நான் இரண்டையும் குடித்துவிட்டு, “செம காபி சார்” என்பேன். வீட்டுக்காரர் முகம் மலரும். பேச்சு ஆரம்பிக்கும். சில நாட்களில் ஒன்பது பத்து காபி இறங்கி, படுத்தால் கண் மூடாமல் கூரையைப் பார்த்தபடி இருப்பேன். பள்ளிக்கு நான் செய்த சேவையில் பெரியது இதுதான். சந்துருவுக்கு நான் சொன்னதும் இதைத்தான்.

எபனேசர் சாரோடு போனபோது காபி என் வேலை, கேட்பது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். என் வேலை ஒழுங்காக நடந்தது.

அவர் உட்காருவார். வெயிலைப் பற்றிப் பேசுவார். மெட்ரோ எப்போது வரும் என்று விசாரிப்பார். பள்ளியின் படம் போட்ட அட்டையை மேசையில் வைப்பார். அவர்கள் அதை எடுத்துப் பார்க்கும்போது எழுந்துகொள்வார். “யோசிச்சுப் பாருங்க. கஷ்டம்னா வேண்டாம்.” அவ்வளவுதான். பல்லாவரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது இவர் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்துப் பணத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நானே என் கண்ணால் பார்த்தேன்.

வேனில் ஏறியதும் கேட்டேன். “சார், நம்ம டொனேஷன் கேக்க வந்தோமா, மன்னிப்பு கேக்க வந்தோமா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபடி சொன்னார். “எங்க அப்பா சபை ஊழியக்காரர். சம்பளம் வராத மாசம் அம்மா என்னை அரிசி கேட்க அனுப்புவாங்க. ஒரு வீட்ல, ‘மறுபடியும் வந்துட்டியா’ன்னு கேட்டாங்க. அதுலருந்து கேட்கிறதுன்னா தொண்டையில ஏதோ அடைக்குது, தணிகாசலம்.”

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. பெருங்களத்தூர் வரைக்கும்தான். அதற்குள் மறுபடி வாய் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மே மாதம் பாதி போனபோது சேர்ந்த பணம் கூரையில் பாதிக்குக்கூடப் போதவில்லை. கமிட்டியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அப்போதுதான் கூடுவாஞ்சேரியில் ஷெட் போடுகிற பாஸ்கர் அண்ணனைப் பற்றித் தெரிந்தது. தொழிற்சாலை ஷெட், கல்யாண மண்டபக் கூரை எல்லாம் போடுகிறவர். எங்கள் பள்ளியின் பழைய மாணவர். ஆனால் பழைய மாணவர் கூட்டத்துக்கு ஒரு நாளும் வராதவர்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவருடைய பட்டறை. நெருப்புப் பொறிகளுக்கு நடுவே லுங்கியோடு நின்றிருந்தார். பள்ளியின் பெயரைச் சொன்னதும் உரக்கச் சிரித்தார்.

“அந்த ஸ்கூலா? என்னத் தொரத்திவுட்டாங்களே சார், தெரியுமா?”

எபனேசர் சாருக்குத் தெரியாது.

“ஒன்பதாவது. ஹாஸ்டல்ல இருந்தேன். சனிக்கிழம மேட்சு. செவுரு ஏறிக் குதிச்சு டீக்கடை டிவில பாத்துகினு நின்னேன். வார்டன் புடிச்சாரு. அதுக்கு முன்னாடியும் ரெண்டு தபா மாட்டினு கீறேன். பெட்டியத் தூக்கி வெளில வெச்சிட்டாங்க. எங்கப்பா ஸ்டேஷன்லருந்து ஹாஸ்டலு வரிக்கும் அழுதுகினே நடந்து வந்தாரு.”

சார் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. அட்டையை எடுக்கவும் இல்லை. அப்படியே திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். பாஸ்கர் அண்ணனே கேட்டார்.

“எதுக்கு வந்தீங்க? கூரையா?”

“ஆமா” என்றார் சார். இரண்டு மாதத்தில் அவர் நன்கொடை கேட்டுச் சொன்ன மிகத் தெளிவான வார்த்தை அது.

“போட்டுத் தர்றேன். இரும்பு, ஷீட்டுக்கு மட்டும் நீங்க வெச்சுகீற காசக் குடுங்க. கூலி, வெல்டிங் எல்லாம் என்து. தொரத்தின ஸ்கூலுக்கு நான் கூரை போட்டேன்னு எங்கப்பன் போட்டாக்கு முன்னாடி சொல்லணும்.” பிறகு விரல் விட்டு எண்ணினார். “திங்கக்கெழம சிறுசேரில ஒரு கம்பெனி கேன்டீன் ஷெட்டு ஸ்டார்ட். அதுக்கு முன்னாடி கேப்புல முடிக்கணும். வியாழன் பழச எறக்கறோம். வெள்ளி சட்டம் அடிக்கறோம். சனி ஷீட்டு ஏத்தி முடிச்சிர்றோம். ஞாயிறு பசங்களுக்கு லீவு. சரியா சார்?”

இங்கேதான் தப்பு நடந்தது. சனி என்ற சொல்லைக் கேட்டதும் சாரின் வாய் லேசாகத் திறந்தது. நான் பார்த்தேன். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார்.

வேனில் வரும்போது, “சார், சனிக்கிழமன்னாரு...” என்றேன்.

“தெரியும். சும்மா தர்ற மனுஷன்கிட்ட அந்த நிமிஷமே கண்டிஷன் போட மனசு வரல. வேலை ஆரம்பிக்கட்டும். சொல்றேன்.”

வியாழன் பழைய ஷீட் இறங்கியது. சார் சொல்லவில்லை. வெள்ளி காலை இரும்புச் சட்டம் ஏறியது. சார் மூன்று முறை வந்து ஏணிக்குக் கீழே நின்றுவிட்டுப் போனார். மேலே இருந்த யாரும் குனிந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்கும் அவருடைய வழக்கம், உயரத்தில் வேலை செய்கிறவர்களிடம் செல்லாது.

சாயங்காலம் மேற்கே வெயில் மஞ்சளானது. வளாகத்திலிருந்த கோயிலில் ஓய்வுநாள் ஆரம்ப ஜெபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெல்டிங் வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிளாரன்ஸ் டீச்சர் ஓடி வந்து சாரைப் பார்த்தார். பார்த்ததே போதும்.

சார் போய் ஏணிக்கு அடியில் நின்றார்.

“சார், கீழ நிக்காதீங்க. எதுனா வுழும்” என்று மேலிருந்து பாஸ்கர் அண்ணன் கத்தினார்.

“பாஸ்கர், கொஞ்சம் இறங்கி வர்றீங்களா?”

“இன்னும் ரெண்டு வெல்டு கீது சார்.”

“சூரியன் இறங்குது.”

“ஃபோகஸ் லைட் கொண்டாந்துகீறோம், டென்ஷன் ஆவாதீங்க!”

மேலே இருந்த பையன்கள் சிரித்தார்கள். சார் நகரவில்லை. “பாஸ்கர். வேலையை நிறுத்தணும். நாளைக்கும் கூடாது.”

வெல்டிங் சத்தம் நின்றது. பாஸ்கர் அண்ணன் இறங்கி வந்தார். கையுறையைக் கழற்றினார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

“எனக்குத் தெரியாத ரூலா சார் இது? சனிக்கிழம முடிக்கறேன்னு உங்க மூஞ்சப் பாத்துத்தான் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க. சரி, இப்பல்லாம் மாறிட்டாங்க, இந்த சார் வேற மாதிரின்னு நெனச்சேன். எங்க வூட்ல போய் அத்தச் சொன்னேன். அன்னிக்கும் சனிக்கிழம. இன்னிக்கும் அதே சனிக்கிழம.” பையன்களைப் பார்த்துக் கையைத் தட்டினார். “டேய், எறங்குங்கடா. பேக்கப்.”

லாரி போய்விட்டது. கட்டடத்தின் மேல் எலும்புக்கூடு போலப் பாதிச் சட்டம். கீழே புது ஷீட்டுகள் கட்டுக் கட்டாக. சூரியன் முழுதாக மறைய இருந்த சொற்ப நேரத்தில் பெஞ்சுகளை எல்லாரும் சேர்ந்து வராந்தாவுக்குத் தூக்கினோம். சாரும் தூக்கினார்.

திங்கட்கிழமை காலை இன்ஜினியர் வருவதாக ஏற்பாடு. பாஸ்கர் அண்ணன் திரும்பி வர ஞாயிறு ஒரு நாள்தான் பாக்கி. அது அவர் ஆட்களுக்கு லீவு. லீவு இல்லாவிட்டாலும் அவர் ஏன் வர வேண்டும்?

சனிக்கிழமை ஆராதனை நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, அரை மணி நேரம்தான், ஆனால் ஊற்றித் தள்ளியது. கோயிலிலிருந்தே கேட்டது, கூரையில்லாத ஐந்து வகுப்புக்குள்ளும் தண்ணீர் விழும் சத்தம். எனக்கு முன் பெஞ்சில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “பொன்ராஜ் சார் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?” என்றார். அது எபனேசர் சார் காதிலும் விழுந்தது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சனிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்று அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று போனேன். வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று வேன் பார்க்கப் போனதாகச் சொல்லிவிட்டேன்.

சூரியன் மறைந்து, ஓய்வுநாள் முடிப்பு ஜெபம் ஆனதும் சார் வேன் பக்கம் வந்தார். நான் நிமிர்ந்து பார்க்கும் வரை நிற்கவில்லை. கதவைத் தட்டினார்.

“கூடுவாஞ்சேரி. உடனே.”

ஊரப்பாக்கம் டிராஃபிக்கில் வேன் நகரவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டேன். “சார், அங்க காபி குடுத்தா நான் குடிக்கட்டா?”

“கொடுக்க மாட்டார்” என்றார்.

கொடுக்கவில்லை. பாஸ்கர் அண்ணன் வீட்டு வாசலில் பனியனோடு நின்று, உள்ளே வாங்க என்றும் சொல்லாமல் பார்த்தார். சார் வெளியே நின்றபடியே பேசினார்.

“நான் பண்ணது தப்பு. முதல் நாளே சொல்லியிருக்கணும். கேட்கக் கூச்சப்பட்டேன். உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு.”

“சரி சார். சொல்லிட்டீங்கல்ல. கெளம்புங்க.”

“இல்ல. கேட்க வந்திருக்கேன். நாளைக்கு வந்து முடிச்சுக் கொடுங்க.”

“ஞாயித்துக்கெழம பசங்க வர்ணும்னா டபுள் கூலி. யார் குடுக்கறது?”

“நீங்கதான்” என்றார் சார். “எங்ககிட்ட இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ்கர் அண்ணனுக்கும்தான். அவர் என்னைப் பார்த்தார், நான் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தேன்.

“அப்புறம் சார்? வேற இன்னா?”

“ஜெனரேட்டர் கொண்டு வாங்க. ஞாயிறு எங்க பக்கம் கரண்ட் போகும். காலையில ஆறு மணிக்கே வந்தாதான் வெளிச்சம் போறதுக்குள்ள முடியும். நூத்தி எண்பது பிள்ளைங்க இருக்காங்க, பாஸ்கர். திங்கக்கிழமை அந்த இன்ஜினியர் கையெழுத்துப் போடலைன்னா அவங்களுக்கு ஸ்கூல் இல்ல. அதனால கேட்கிறேன். நீங்க முடியாதுன்னா மறுபடியும் கேட்பேன்.”

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்கர் அண்ணன் வாசல் படியில் உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. அன்னிக்கு என்னத் தொரத்தினது சரியா, தப்பா?”

இதற்கு ‘தப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். பொன்ராஜ் சாராக இருந்தால் அதைச் சொல்லி, கட்டிப் பிடித்து, போட்டோவும் எடுத்திருப்பார். இவர் யோசித்தார். நான் மனதுக்குள், சொல்லித் தொலைங்க சார் என்று அலறிக்கொண்டிருந்தேன்.

“ரூல் சரி” என்றார். “அதை நான் இன்னிக்கும் மாத்த மாட்டேன். ஆனா ஒரு பையனை அதுக்காக வெளியே அனுப்பினது தப்பு. உங்க அப்பாவை அழ வெச்சது பெரிய தப்பு. அப்ப நான் அங்க இல்ல. இருந்திருந்தா எதிர்த்துப் பேசியிருப்பேனான்னும் தெரியல. எனக்கு அவ்வளவு வாய் கிடையாது.”

பாஸ்கர் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இன்னாடா, உங்க சாரு டொனேஷனும் கேப்பாரு, ரூலும் பேசுவாரா? இந்த மாரி ஆள வெச்சுகினு எப்டிடா குப்ப கொட்டற?”

“கஷ்டம்தாண்ணே” என்றேன். “ஆனா பீரோ வெயிட்டு கம்மி.”

ஞாயிறு காலை நான் கேட்டைத் திறக்கும்போதே லாரி வெளியே நின்றிருந்தது. ஜெனரேட்டரோடு. டீச்சர்களும் சபை ஆட்களும் வகுப்புகளிலிருந்து தண்ணீரைத் தள்ளினார்கள். முந்தின நாள் முன் பெஞ்சில் பேசியவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஷீட் தூக்கினார். மதியம் பிளாரன்ஸ் டீச்சர் புளிசாதமும் உருளைக்கிழங்கும் கொண்டு வந்தார். வெல்டர் பையன் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கெழமையும் அதுவுமா கறி இல்லாம ஒரு சோறா? இன்னாக்கா பாவம் பண்ணோம்?” என்று அழாத குறையாகக் கேட்டான். டீச்சர், “கடைசி ஷீட்டப் போடு, உங்க அண்ணன் வாங்கித் தருவாரு” என்றார். சாரிடமிருந்து அந்தக் கேட்கும் வியாதி எல்லாருக்கும் தொற்றிவிட்டது.

வெளிச்சம் போகும் நேரத்தில் கடைசி ஷீட் ஏறியது. திங்கட்கிழமை இன்ஜினியர் வந்தார், ஏணி போட்டு ஏறினார், சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஜூனில் ஐந்து வகுப்பும் திறந்தது. திவ்யா முதல் நாளே வந்து, “மாமா, மழ பேஞ்சா டீச்சர் பேசுறது கேக்காது, ஜாலி” என்று ரகசியம் சொன்னாள். தகரக் கூரையில் அந்த ஒரு வசதி உண்டு.

அதன் பிறகு எபனேசர் சாரோடு சுற்றுக்குப் போனால் வேறு ஆள். கூச்சம் போகவில்லை. கேட்கும்போது காது அப்போதும் சிவக்கும். ஆனால் கேட்பார். கேட்டுவிட்டு எழுந்து ஓடாமல், பதில் வரும் வரை உட்கார்ந்திருப்பார். அந்த மௌனம் பொன்ராஜ் சாரின் சத்தத்தைவிட மோசமானது. பல்லாவரம் ஹார்டுவேர்காரர் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு கமிட்டி கூடியது. தெற்கே ஒரு பள்ளியில் ஹாஸ்டல் கட்டடம் இடிந்து கிடக்கிறதாம், நிதி திரட்டத் தெரிந்த பிரின்சிபல் வேண்டுமாம். அவரையே அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கஷ்டப்பட்டு ஒரு மனிதருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் அதை அவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இது என்ன நியாயம் என்று பிளாரன்ஸ் டீச்சர் ஒரு வாரம் பொருமினார். இந்த முறையும் டீச்சர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. வேனில் தூசி இருந்தது.

பீரோ லாரியில் முன்னே போனது. அவரைத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ரயில் வந்தபோது பெட்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். அவருக்கு ரிசர்வ் செய்த ஜன்னல் இருக்கையில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் புத்தகப் பெட்டிகளை ஏற்றிவிட்டுப் பிளாட்பாரத்துக்கு வந்து ஜன்னலில் பார்த்தேன். சார் அவர் எதிரே போய் நின்றார். போச்சு, இனி திருநெல்வேலி வரைக்கும் அந்த ஆள் நிமிர்ந்து பார்க்கிறாரா என்று நின்றபடியே போவார் என்று நான் ஜன்னலை நோக்கி ஓடினேன்.

“சார்,” என்றார் எபனேசர் சார், அந்த ஆளின் தோளைத் தொட்டு. காது சிவந்திருந்தது. “இது என் சீட். எனக்கு வேணும்.”